அப்பாவின் ஊசியும் பட்டாளத்துப் பையன்களும்

போன வாரம் அப்பாவுக்கு நிமோனியா தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர், சர்க்கரை வேறு. "இது வயசானவங்க ஊசியா?" என்று சந்தேகமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்தால் கதையே வேறு. இந்த ஊசி வேலை செய்கிறது என்று பளிச்சென்று காட்டியவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சியில் இருந்த இளவட்டங்கள்.

இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் சூ ஃபால்ஸ் என்று ஓர் ஊர், அங்கே விமானப்படையின் ரேடியோ பயிற்சிப் பள்ளி. அந்த ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறக்க யாருக்கு மனசு வரும்? கட்டிலை ஒட்டிக் கட்டில், நாடு முழுவதிலிருந்தும் வந்து இறங்கும் புது ஆட்கள், சளி, இருமல். நிமோனியாவைக் கொண்டுவரும் நிமோகாக்கஸ் என்கிற கிருமி நன்றாக இருப்பவன் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும், ஒரு சளிக்காய்ச்சல் வந்து உடம்பு தளர்ந்தால் நுரையீரலுக்கு இறங்கிவிடும். (எங்கள் என்.சி.சி. முகாமில் முதல் நாள் ஒருத்தன் தும்மினான், மூன்றாம் நாள் கொட்டகையே தும்மியது. நல்லவேளை, அது வெறும் சளி.)

1944-இல் காலின் மெக்லியோட் என்கிற மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழுவினர் அங்கே 8,586 பேருக்கு நான்கு வகை நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியும், 8,449 பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசியும் போட்டார்கள். அதே கிருமியை வைத்து, பரம்பரைக் குணத்தைச் சுமப்பது டி.என்.ஏ.தான் என்று ஆஸ்வால்ட் ஏவரி என்கிற விஞ்ஞானியோடு சேர்ந்து அதே வருஷம் எழுதிய அதே மெக்லியோட்தான்! அந்த நான்கு வகையால் நிமோனியா வந்தவர்கள் உப்புத்தண்ணீர்க்காரர்களில் 26 பேர், தடுப்பூசிக்காரர்களில் 4 பேர். அந்த நாலும்கூட முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தவை. இன்னொன்று, பக்கத்துக் கட்டில்காரன் தொண்டையில் கிருமி குறைந்ததால் ஊசி போடாதவனுக்கும் வருவது குறைந்தது. எனக்கு இதுதான் பிடித்த இடம்.

அப்புறம் பென்சிலின் வந்தது. வந்தால் குணமாக்கிக்கொள்ளலாமே, தடுப்பு எதற்கு என்று விற்பனைக்கு வந்த ஊசியைச் சீந்த ஆளில்லை. பென்சிலின் கொடுத்தும் முதல் சில நாட்களிலேயே செத்துப்போகிறவர்களைக் கணக்கெடுத்து, தடுப்பூசி வேண்டும் என்று காட்டினார் ராபர்ட் ஆஸ்திரியன் என்கிற அமெரிக்க மருத்துவர். அப்படியும் 14 வகை நிமோகாக்கஸுக்கான ஊசி வர 1977 ஆகிவிட்டது, 23 வகைக்கானது 1983-இல்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். வீங்கின கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அந்த உப்புத்தண்ணி பசங்களுக்கு அப்புறமாவது நெஜ ஊசி போட்டாங்களா?"