வெள்ளி, டி.என்.ஏ., அப்புறம் இரண்டு குளோரைடு

டி.என்.ஏ.வில் வெள்ளியைச் சேர்த்து ஒளிர வைப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னதும், "கொலுசு செய்கிற அதே வெள்ளியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே வெள்ளிதான். ஆனால் சுமார் பத்து முதல் முப்பது அணுக்கள் மட்டுமே சேர்ந்த துணுக்கு. நாங்கள் கிளஸ்டர் என்போம். அவ்வளவு சிறிதாகிவிட்டால் வெள்ளி உலோகமாக நடந்துகொள்வதில்லை. ஒரு நிறத்தில் ஒளியை வாங்கி இன்னொரு நிறத்தில் வெளிவிடுகிறது. சும்மா விட்டால் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி அந்த ஒளி போய்விடும். அப்படி ஒட்டாமல் டி.என்.ஏ. இழை அவற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது.

2004-ல் வேதியியலாளர் ஜெஃப்ரி பெட்டியும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டிக்சன் குழுவும் 12 காரங்கள் (டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்') கொண்ட குட்டி இழையில் இதைச் செய்து காட்டினார்கள். செய்முறை இன்றும் கிட்டத்தட்ட அதுதான். டி.என்.ஏ. கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். வெள்ளி அயனிகள், குறிப்பாக சைட்டோசின் என்ற காரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து, அயனிகளை வெள்ளி அணுக்களாக மாற்ற, அப்போதே கரைத்த சோடியம் போரோஹைட்ரைடை விட்டுக் குலுக்க வேண்டும். போரோஹைட்ரைடு தண்ணீரில் சிதைந்துகொண்டே இருக்கும் என்பதால் ஐஸ் போன்ற தண்ணீரில் கரைத்து உடனே பயன்படுத்துவோம். பிறகு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருப்பதுதான்.

இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது குளோரைடுக்குப் பயப்படுவதுதான். வெள்ளி அயனி குளோரைடைப் பார்த்தால் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். அதனால் சாதாரண உப்பு (சோடியம் குளோரைடு) உள்ள பஃபர், அதாவது பி.எச். அளவை மாறாமல் வைக்கும் கரைசல், எதுவும் கூடாது, அம்மோனியம் அசிட்டேட்தான். பி.எச். மீட்டரின் மின்முனைக்குள் இருப்பதே பொட்டாசியம் குளோரைடு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆகவே பஃபர் பாட்டிலுக்குள் அதை விடவே மாட்டோம். தனியாகக் கொஞ்சம் ஊற்றி அளந்துவிட்டு, அதைக் கொட்டிவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் விதி இதுதான்.

இரண்டாவது விதியை ஏற்க வைப்பது கடினம். யூவி விளக்கின் கீழ் ட்யூப் சிவப்பாக ஒளிர்ந்ததும் ஒரு மாணவி ஓடி வந்தாள்: "அக்கா, சூப்பரா வந்திருக்கு! ரிசல்ட்டுன்னு எழுதிடலாமா?"

"எச்.பி.எல்.சி.யில போட்டுப் பாரும்மா. அப்புறம் எழுதலாம்."

எச்.பி.எல்.சி. என்பது கலவையில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி. ஒரே ட்யூபுக்குள் பல வகைக் கிளஸ்டர்கள் இருக்கும். ஒளிராதவையும் இருக்கும், அளவு மீறி வளர்ந்த துகள்களும் இருக்கும். பளிச்சென்று தெரிவதுதான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பிரித்தெடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்தால்தான் எத்தனை வெள்ளி, எத்தனை இழை என்று தெரியும். வெள்ளிக்கு 107, 109 என்று இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறைய சரிபாதியாக இருப்பதால் சிகரங்கள் அகன்று விரியும். அந்தச் சிகர வரிசை எந்த எடையில் விழுகிறது என்பதைக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் கிளஸ்டரின் மின்னூட்டத்தையும் கண்டுபிடிக்கிறோம். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாமல் நிறத்தை மட்டும் வைத்து எழுதப்படும் கட்டுரைகளை என்னால் நம்ப முடிவதில்லை.

2019-ல் கோபன்ஹேகனின் டாம் வோஷ் குழுவும் டோக்கியோ சோஃபியா பல்கலைக்கழகத்தின் ஜிரோ கோண்டோவும் ஒரு கிளஸ்டரின் படிக அமைப்பை வெளியிட்டார்கள். பத்துக் காரங்கள் கொண்ட இரண்டு இழைகளுக்கு நடுவே 16 வெள்ளி அணுக்கள். அகச்சிவப்பை ஒட்டிய ஒளி. அணுக்களின் இடங்களை அத்தனை துல்லியமாகத் திரையில் சுழற்றிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் இரண்டு இடங்கள் மட்டும் மங்கலாக இருந்தன. சில கிளஸ்டர்களில் மட்டும் நிரம்பியிருக்கும் வெள்ளியிடங்கள் என்று அவை குறிக்கப்பட்டிருந்தன.

2023-ல் கலிஃபோர்னியாவின் அர்வைனில் இருக்கும் ஸ்டேசி காப் குழு அதே கிளஸ்டரின் எடையைத் துல்லியமாகப் பார்த்தது. மங்கலான அந்த இரண்டும் வெள்ளியே அல்ல, குளோரைடு! நாங்கள் வாசலிலேயே தடுத்துக்கொண்டிருந்த அதே குளோரைடு கிளஸ்டருக்குள் உட்கார்ந்திருந்தது. அதுமட்டுமல்ல, உடலில் உள்ள அளவுக்கு உப்பு இருக்கும் கரைசலிலும் அந்தக் கிளஸ்டர் கலையாமல் நின்றதற்கும் அதுதான் காரணம். படிக அமைப்பை மறுபடி அலசியபோதும் அதுவே உறுதியானது. வோஷும் கோண்டோவும் அந்தத் திருத்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் இருந்தார்கள். எனக்கு இந்தத் துறையின் மீது இருக்கும் மரியாதைக்கு இதுவே பெரிய காரணம்.

எங்கள் மேசையிலும் வேலை மாறியது. தயாரிக்கும்போது குளோரைடுக்கு இன்றும் தடைதான். பிரித்தெடுத்த பிறகு மட்டும் ஒவ்வொரு மாதிரியிலும் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் விட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலானவை மங்கிவிடும். அப்படியே நிற்பவை உடனே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகும். உயிரணுக்களுக்குள் படமெடுக்க உதவப்போகிறவை அவையாகத்தான் இருக்க முடியும் என்று நம்புகிறேன். குளோரைடுக்குப் பதில் ப்ரோமைடை மாற்றி வைத்தால் ஒளி இன்னும் நீண்ட அலைநீளத்துக்கு நகரும் என்பதையும் அதே கட்டுரை காட்டியிருக்கிறது. இப்போது மாணவி அதைத்தான் எங்கள் இழைகளில் முயன்றுகொண்டிருக்கிறாள்.