பாயிண்ட் ஆஃப் ராக்ஸில் முழங்கால் ஆழம்

காலை ஆறரைக்கு அமெரிக்காவின் மேரிலாந்தில், மொனாக்கசி ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்றபோதே தெரிந்துவிட்டது, இன்று இங்கே மீன்பிடி வேலைக்காகாது. தண்ணீர் பால் ஊற்றிய டீ மாதிரி ஓடியது. எங்கள் பக்கம் மழையே இல்லை. ஆனால் இந்த ஆறு பிறப்பது பென்சில்வேனியா எல்லையில், மார்ஷ் கிரீக்கும் ராக் கிரீக்கும் சேரும் இடத்தில். இரவு அங்கே கொட்டியிருக்க வேண்டும். ஸ்மால்மவுத் பாஸ் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கலங்கல் தண்ணீரில் அதைத் தேடிப் பயனில்லை. மகளை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு, மொனாக்கசி போய்க் கலக்கும் பொட்டோமாக் ஆற்றுக்குக் கிளம்பினேன். அதன் கரையில் உள்ள பாயிண்ட் ஆஃப் ராக்ஸ், அந்த இரண்டும் கலக்கும் இடத்துக்கு ஆறு மைல் மேலே இருக்கிறது. இந்தச் சேறு அங்கே எட்டாது.

கிளம்பும் முன் போனில் அங்குள்ள அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தைப் பார்த்தேன். ஒன்றேகால் அடி. இரண்டைத் தாண்டினால் மகளோடு இறங்க மாட்டேன், அது நானே போட்டுக்கொண்ட விதி. ஆழம் எவ்வளவாக இருந்தாலும் அவள் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்கும். பதினோரு வயது, அதனால் மீன்பிடி லைசன்ஸ் தேவையில்லை. மேரிலாந்தில் 16 வயதிலிருந்துதான் அது.

அந்த இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே வயல் வரப்பு மாதிரி பாறைகள் ஓடுகின்றன. வரப்புக்கு வரப்பு இடையில் கூழாங்கல் பரப்பு, ஓரிரு குழிகள், கரையோரம் வாட்டர் வில்லோ செடிகள் அடர்ந்த திட்டு. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். முன்கால் ஊன்றி நின்ற பிறகே பின்கால் நகர வேண்டும். முன்பெல்லாம் அடியில் கம்பளி ஒட்டிய பூட்ஸ் போடுவேன்; பாசிப் பாறையில் பல்லி மாதிரி பிடிக்கும். 2011-இல் மேரிலாந்து அதைத் தடை செய்தது. ஈரக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு டிடிமோ என்ற பாசி ஆறு விட்டு ஆறு பரவிவிடும் என்ற பயம். இப்போது ரப்பர் அடி. வழுக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

தூண்டிலைக் கட்டுவதற்கு முன் மகளை ஒரு கல்லைப் புரட்டச் சொன்னேன். அடியிலிருந்து கிரேஃபிஷ் ஒன்று வாலை உள்ளே சுருட்டி அடித்துப் பின்பக்கமாகப் பாய்ந்தது. இறாலைப் போல உடம்பு, நண்டைப் போலக் கொடுக்கு; இந்த பாஸுக்கு இதைவிடப் பிடித்த இரை குறைவு. முதுகு பாசிப் பச்சை, கொடுக்கு நுனியில் ஆரஞ்சு. பெட்டியில் அதே பச்சையில் டியூப் என்கிற ரப்பர் போலி இரை ஒன்று இருந்தது, அதை மாட்டினோம். சின்னதாக ஒரு சுண்டு, பிறகு அப்படியே விழவிட வேண்டும். அது விழும்போதுதான் கடிக்கும்.

முதல் ஒரு மணி நேரம் சன்ஃபிஷ்களும் உள்ளங்கை நீள பாஸ்கள் மூன்றும்தான். பெரியது ஆழத்தில்தான் இருக்கும் என்று நான் நேராக இடுப்பளவு ஓட்டத்தை நோக்கி நடந்தேன். அப்போது வில்லோத் திட்டின் ஓரத்திலிருந்து, முழங்கால் அளவு தண்ணீரில், முழங்கை நீளத்துக்கு ஒரு நிழல் என்னைத் தாண்டிப் பாய்ந்தது. எத்தனை வருடமாக இப்படி மீனின் மேலேயே நடந்து போயிருக்கிறேனோ! வெயில் ஏறும்வரை பெரிய மீன்கள் ஆழமில்லாத தண்ணீரில்தான் மேய்கின்றன.

இருவரும் அசையாமல் நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவள் முன்னே வீசாமல், நாங்கள் நடந்து வந்த பக்கமே திரும்பி, செடியோரத்தில் வீசினாள். தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது.

"அப்பா, கல்லுல மாட்டிடுச்சு."

"கல் நடக்காதுடா கண்ணா, இழு!"

மூன்று முறை தண்ணீரை விட்டு எகிறியது. தலையை உதறும் ஒவ்வொரு முறையும் அவள் மணிக்கட்டு ஆடியது. கையில் வாங்கியபோது 16 அங்குலம். வெண்கல நிறம், பக்கத்தில் செங்குத்தாகக் கரும்பட்டைகள். வாயின் முனை கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டது. லார்ஜ்மவுத் என்ற இன்னொரு வகை பாஸுக்கு அது கண்ணைத் தாண்டிப் போகும்.

"கண்ணு ஏம்பா இவ்வளவு சிவப்பா இருக்கு? அழுதுச்சா?"

அதன் கண் நிறமே அப்படித்தான் என்றேன். இந்த அளவுக்கு வளர ஆறேழு வருடம் ஆகியிருக்கும் என்றும் சொன்னேன். 2003-இல் இதே ஆற்றின் தெற்குக் கிளையில், ஆண் பாஸ்களின் உடம்புக்குள் முட்டை உருவாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். கழிவுநீரிலும் பண்ணைகளிலும் இருந்து வரும் ஹார்மோன் போன்ற வேதிப்பொருட்கள் மேல் சந்தேகம். அதை அவளிடம் சொல்லவில்லை. நல்ல மீனைக் கையில் ஏந்தும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைகிறது. முகத்தை ஓட்டத்தின் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். செவுள் நான்கு முறை திறந்து மூடியது. வாலால் ஒரு அடி, போய்விட்டது.

அப்போது கரையோரத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் வந்தது. பொட்டோமாக்கில் இந்த மீன் முதலில் கிடையாது. 1854-இல் ஓஹியோ ஆற்றுப் பக்கமிருந்து, இதே பாதையை முதலில் போட்ட கம்பெனியின் ரயிலில், என்ஜினின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு வாளியில் வைத்துக் கம்பர்லாண்ட் ஊருக்குக் கொண்டுவந்து, ஆற்றோரக் கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து ஆற்றில் பரவியது. இதை ரயில் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன்.

"வாளியிலயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே அவள் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்தி மூன்றில் எண்ணிக்கை தவறிப்போனது. அடுத்த ரயில் எப்போது வரும் என்று கேட்டாள்.