பேஸ் பேப்பர் கேட்டு வரும் பிள்ளைகள்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மழை ஓயும் சமயத்தில் இறுதியாண்டு பயோமெடிக்கல் பிள்ளைகள் நாலு நாலு பேராக வருவார்கள். கேட்பது ஒன்றுதான்: "மேடம், ஒரு பேஸ் பேப்பர் வேணும். ஐ.இ.இ.இ.யா இருந்தா நல்லது. மூணு வருஷத்துக்குள்ள வந்ததா இருக்கணும்." ஐ.இ.இ.இ. என்பது மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு, அது வெளியிடும் கட்டுரையைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு ஆய்வுக் கட்டுரையை எடு, சின்னதாக ஒரு மாற்றம் செய், ப்ராஜெக்ட் என்று காட்டு. பேஸ் பேப்பர் என்றால் இவ்வளவுதான். ஜீரோத் ரிவியூ என்ற முதல் பரிசீலனையில் தலைப்பு தேறிவிட்டால் மற்ற கட்டுரைகளை ரிப்போர்ட் அடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. மற்ற துறைகளில் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். பயோமெடிக்கலில் அது சிக்கல். பொறியாளர்கள் எழுதுவதில் நிறைய ஐ.இ.இ.இ. எக்ஸ்ப்ளோர் என்ற தளத்தில் கிடக்கிறது, மருத்துவர்கள் எழுதுவது பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில். ஒன்றில் மட்டும் தேடினால் எது விட்டுப்போனது என்பதே தெரியாது.

கொரோனாவுக்குப் பிறகு பல்ஸ் ஆக்சிமீட்டர் தலைப்பு இல்லாத ஆண்டே இல்லை. மேக்ஸ்30102 என்ற ஒளி சென்சார் மலிவு, அதோடு இ.எஸ்.பி.32 என்ற சின்னக் கணினி போர்டு, ஒரு மொபைல் ஆப், முடிந்தது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலில் பாய்ச்ச வேண்டும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும் ஏறாதது வேறு விதமாகவும் அவற்றை உறிஞ்சும். அந்த வித்தியாசத்தில்தான் கணக்கு. 1970களில் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த தகுவோ அயோயாகி கண்ட வழி இது. எக்ஸ்ப்ளோரில் தேடினால் சர்க்யூட், ஃபில்டர், கை அசைந்தால் வரும் இரைச்சல் என்று வேண்டியது கிடைக்கும். அதோடு போதும் என்று எழுந்த ஒரு குழுவைப் பிடித்து பப்மெட் முன்னால் உட்கார வைத்தேன்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கடிதம் கண்ணில் பட்டது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய அளவீடுகளை, தமனி ரத்தம் எடுத்துச் செய்த சோதனையோடு ஒப்பிட்டிருந்தார்கள். உண்மையில் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். அதன் மேற்கோள்களைப் பிடித்துப் பின்னால் போனால் கறுத்த தோலில் கருவி கூட்டிக் காட்டுகிறதோ என்ற இதே சந்தேகத்தை 1990லேயே எழுதியிருக்கிறார்கள். முன்னால் வந்தால், பலவகைத் தோல் நிறங்களில் சோதித்துக் காட்டச் சொல்லி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல். ஒரு பெண் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அப்போ நாம எடுத்த ரீடிங் எல்லாம்?" என்றாள். தமனி ரத்தம் எடுத்துச் சரிபார்க்கக் கல்லூரியில் ஏது வசதி? அதைச் சரிபார்க்க முடியவில்லை என்று காரணத்தோடு ஒரு பத்தி எழுதினார்கள். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பத்தியைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம்.

பப்மெடில் மெஷ் என்று ஒன்று உண்டு. நூலகர்களுக்குப் பிடித்த சங்கதி, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் கட்டுரைகளுக்குச் சூட்டும் சீரான பொருள்தலைப்புகள் அவை. ஒருவர் ஹார்ட் அட்டாக் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் எம்.ஐ. என்று சுருக்கியிருப்பார், இரண்டும் மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனால் அந்த நூலகத்தின் மெட்லைன் தொகுப்பில் சேராத கட்டுரைகளுக்கு இந்தத் தலைப்பு இருக்காது. ஆகவே தலைப்பையும் போடு, சாதாரணச் சொல்லையும் போடு, நடுவில் 'ஆர்' போட்டுத் தேடு என்பேன்.

அப்புறம் பணம். மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கி, சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டன. காலாப்பட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற நண்பனைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பெருமூச்சு விட வேண்டியதுதான். பப்மெட் சென்ட்ரல் என்ற களஞ்சியத்தில் முழுக் கட்டுரையாக இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். அங்கே இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே மரியாதையாக நாலு வரி மின்னஞ்சல் எழுதச் சொல்கிறேன். கேட்டால் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேறு வழியும் தெரியும். நான் விசாரிப்பதில்லை.

சேர்த்ததை வைத்துக்கொள்வது தனிக் கூத்து. பி.டி.எஃப். எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில், வெறும் எண்களே பெயராக. ரிப்போர்ட்டில் மேற்கோள் எண்களைக் கையால் போடுவார்கள். நடுவில் ஒரு கட்டுரை நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள எண் எல்லாம் மாற வேண்டும், பைண்டிங்குக்கு முந்தின இரவில். கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஸோடெரோ என்ற மென்பொருள் இலவசம், நாலு பேரும் ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம், எண்ணை அதுவே பார்த்துக்கொள்ளும். நான் வலியுறுத்துவது அதில் உள்ள குறிப்புப் பகுதியை. இந்தக் கட்டுரையை எதற்காக வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி, தமிழிலேயே எழுதலாம். 'கை அசைவு இரைச்சலை நீக்கின விதம் நமக்கு வேணும்.' 'பத்து பேரிடம்தான் சோதனை, முழுசா நம்ப வேண்டாம்.' இப்படி எழுதிய குழுவுக்கு லிட்ரேச்சர் சர்வே பாதி முடிந்த மாதிரி.

தவறோ மோசடியோ என்று இதழ் திரும்பப் பெற்ற கட்டுரை உள்ளே வந்தால் ஸோடெரோ சிவப்பாக எச்சரிக்கும். அப்படித் திரும்பப் பெற்றவற்றைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. 2023ல் ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் அப்படித் திரும்பப் பெறப்பட்டன. போன வருடம் ஒரு குழுவின் பேஸ் பேப்பரே சிவந்தது. தலைப்பை மாற்ற நேரமில்லை என்று முதலில் முரண்டு பிடித்தார்கள். கடைசியில் தலைப்பை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மாற்றினார்கள்: ஃபிசியோநெட் என்ற மருத்துவத் தரவுத் தளத்தில் இலவசமாக இருக்கும் எம்.ஐ.டி.-பி.ஐ.ஹெச். அரித்மியா (இதயத்துடிப்புக் கோளாறு) தொகுப்பின் 48 இ.சி.ஜி. பதிவுகளை எடுத்து முதலிலிருந்து செய்தார்கள்.

இப்போது சாட்ஜிபிடி தந்த பட்டியலோடு வருகிறார்கள். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும். பல சமயம் கட்டுரை மட்டும் இருக்காது. அதனால் பட்டியலை நீட்டுகிறவர்களிடம் முதலில் ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ.யை, அதாவது கட்டுரைக்கென்று உள்ள தனி அடையாள எண்ணைக் கேட்கிறேன். இல்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைக் காட்டுகிறேன்.