பைண்டிங் கடையும் இணையத் தாக்கலும்

திருவல்லிக்கேணியில் பைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஓராண்டாக வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அவருக்கு வயது 82. ஒரு கட்டிங் மெஷின், ஒரு கை பிரஸ், பசை காய்ச்சும் அலுமினியப் பாத்திரம், பொத்தான் கைப்பேசி ஒன்று: கடையின் சொத்து அவ்வளவுதான். ஆண்டு விற்பனை பத்து லட்சத்தை எட்டியதில்லை.

“தம்பி, நாப்பது லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டியே வேணாம்னு சொல்றாங்களே, எனக்கு மட்டும் ஏன்?” என்று முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் வரையிலும், சேவை அளிப்பவருக்கு 20 லட்சம் வரையிலும் பதிவு தேவையில்லை. ஆனால், வேறு மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோ பொருள் விற்றால், அது நூறு ரூபாய்ச் சரக்காக இருந்தாலும், பொதுவாகப் பதிவு கட்டாயமாகிவிடுகிறது. இவர் புதுச்சேரியில் உள்ள ஒரு கடைக்கு லெட்ஜர் கட்டி அனுப்புகிறார். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது மாநிலம் கடந்த வணிகம். வெளியூர்க்காரருக்குக் கூலிக்கு பைண்டிங் செய்து கொடுப்பதோடு நிறுத்தியிருந்தால் அது சேவை, 20 லட்சம் வரை விலக்கு உண்டு. தாமே தாள் வாங்கி லெட்ஜராக்கி விற்பதால் அது பொருளாகி, விலக்கு போய்விட்டது.

பதிவு செய்துகொண்டவருக்குக் காகிதத்தில் தாக்கல் செய்யும் வழி கிடையாது. இங்குள்ள சலுகைகள் எல்லாமே எத்தனை முறை, எவ்வளவு என்பதைக் குறைப்பவைதான். 5 கோடி வரை விற்பனை உள்ளவர் மாதந்தோறும் அல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யலாம். 2 கோடி வரை ஆண்டுக் கணக்கு வேண்டாம். கணினியே தெரியாதவருக்கு இவற்றால் பாதி உதவிதான்: கணக்குத் தாக்கலுக்காக ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை பிறரிடம் போய் நிற்பதற்குப் பதில் நான்கு முறை நிற்பார். பதிவை ரத்து செய்ய விரும்பினாலும் அந்த விண்ணப்பமும், அதன் பிறகு தர வேண்டிய இறுதிக் கணக்கும் அதே இணையதளத்தில்தான்.

வருமான வரியில் நிலைமை சற்று வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில், 80 வயது நிறைந்தவர் ஐடிஆர்-1 அல்லது ஐடிஆர்-4 படிவத்தைக் காகிதத்திலேயே கொடுக்கலாம் என்று இருந்தது. உத்தேச லாபக் கணக்கு (விற்பனையில் ஒரு பங்கை லாபமாக வைத்துக்கொள்வது) காட்டும் சிறுவணிகரின் படிவம் ஐடிஆர்-4 என்பதால் 2024-25க்கான கணக்கைப் பெரியவர் பேனாவாலேயே எழுதினார். ஒரு காலத்தில் 5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள, ரீஃபண்டு கேட்காத மற்றவர்களுக்கும் இந்த வழி இருந்தது. 2019-20 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, 79 வயதில் கண் மங்கியவருக்குச் சலுகை இல்லை.

பிரிட்டனில் இதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். அங்கே வாட் எனும் மதிப்புக் கூட்டு வரிக் கணக்கை இணையத்தில்தான் தர வேண்டும் என்றபோது, முதுமையாலும் உடற்குறையாலும் இணைய வசதி எட்டாத இடத்தில் வசிப்பதாலும் முடியாதவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இவர்களுக்கு விலக்கு வைக்காத விதி மனித உரிமைக்கு முரணானது என்று வரித் தீர்ப்பாயம் 2013இல் சொல்ல, மறு ஆண்டே விதி திருத்தப்பட்டது. அங்கே விண்ணப்பிப்பவரின் நிலைமை கேட்கப்படுகிறது. இங்கே விற்பனைத் தொகையும் பிறந்த தேதியும்தான். நம் வணிகர்கள் வரம்பை உயர்த்தக் கேட்பதோடு நிற்காமல், காகிதத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும்படியும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படித் திறந்தால் என் வருமானத்தில் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜிஎஸ்டியில் ஒரே ஒரு ஜன்னல் உண்டு. விற்பனை, கொள்முதல் எதுவும் இல்லாத காலத்துக்கான நில் ரிட்டர்னை 2020 ஜூன் முதல் 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். பதிவில் உள்ள கைப்பேசியிலிருந்து மட்டுமே அது போகும் என்பதில்தான் பெரியவர் மாட்டிக்கொண்டிருந்தார். முன்பு கணக்கு பார்த்தவர் தம் எண்ணையே பதிந்துவிட்டு, ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஓடிபி யாருக்கோ போய்க்கொண்டிருக்க, தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாயாக ஏறி, ஒரு நில் கணக்குக்கு உச்சமான 500 ரூபாயில் போய் நின்றது. அடையாளச் சான்றுகளோடு வரி அலுவலரிடம் விண்ணப்பித்து எண்ணை மாற்றி வாங்கினோம்.

2025 ஜூலையில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து, நில், ஓர் இடைவெளி, படிவத்தின் பெயரான 3பி, ஓர் இடைவெளி, பதினைந்து இலக்கப் பதிவு எண், மீண்டும் ஓர் இடைவெளி, 2025 ஜூனைக் குறிக்கும் 062025 என்று அவரே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். ஆறு இலக்கக் குறியீடு வந்தது. அதைத் திருப்பி அனுப்பியதும் ஒப்புகை எண் வந்தது. அவர் கட்டிய லெட்ஜர் ஒன்றிலேயே அதைச் சிவப்பு மையால் எழுதி வைத்தார்.

அக்டோபரில் பில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி என் இரண்டாவது மாடிப் படிகளை மெல்ல ஏறி வந்தார். செப்டம்பரில் புதுச்சேரிக்கு இருபது லெட்ஜர் அனுப்பியிருந்தார்.