டெர்மினலில் செஸ்: பெரிய எழுத்து வெள்ளை, சின்ன எழுத்து கருப்பு

படமே இல்லாமல் எழுத்தில் மட்டும் கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் ஆட, க்னூ செஸ் என்று ஒரு பழைய நிரல் இருக்கிறது. 1984-இல் ஸ்டூவர்ட் கிராக்ராஃப்ட் தொடங்கியது, இன்றைக்கும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். இறக்கிய பிறகு கூப்பிட்டால் சிலருக்கு அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். டெபியன் விளையாட்டு நிரல்களைத் தனி ஃபோல்டரில் வைக்கிறது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்திருந்தால் அந்த ஃபோல்டரில் தேடாது. (ரூட்டாக உட்கார்ந்து செஸ் ஆடுவானேன் என்பது வேறு கேள்வி.)

திறந்தால் பலகை என்று வரைந்த எதுவும் கிடையாது. எட்டு வரி, வரிக்கு எட்டு எழுத்து, அவ்வளவுதான். பெரிய ஆங்கில எழுத்து வெள்ளைக் காய், சின்ன எழுத்து கருப்புக் காய், காலிக் கட்டத்துக்கு ஒரு புள்ளி. காய்க்கு அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து; ‘கே’ ராஜாவுக்குப் போய்விட்டதால் குதிரைக்கு (நைட்) ‘என்’. கட்டங்களுக்கு நிறமும் இல்லை, அதனால் எந்த பிஷப் எந்த மூலைவிட்டத்தில் ஓடுகிறது என்பதைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளாது, நாம்தான் கட்டம் கட்டமாக எண்ணிப் போக வேண்டும். எனக்கு முதலில் சிரமமாக இருந்தது இதுதான், யானையும் குதிரையும் சீக்கிரம் பழகிவிட்டன.

எழுத்துக்குப் பதில் யூனிகோடு என்ற எழுத்துரு வரிசையில் உள்ள காய் உருவங்களைக் காட்டும் நிரல்களும் உண்டு, பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. யூனிகோடில் வெள்ளைக் காய் என்பது வெறும் கோட்டுருவம், கருப்புக் காய் உள்ளே நிரப்பிய உருவம். வெள்ளைக் காகிதத்தில் அது சரி. கருப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து ஓடும் டெர்மினலில் நிரப்பிய உருவம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கோட்டுருவம் இருட்டோடு போய்விடும், அதாவது கருப்பு ராணி வெள்ளையாக நிற்பாள். போதாததற்கு கருப்புச் சிப்பாயின் குறி இமோஜி பட்டியலிலும் இருப்பதால், சில இடங்களில் அது மட்டும் பெரிதாக வீங்கி வரிசையைக் கெடுத்துவிடும். எழுத்தே மேல்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் (நெடுவரிசை) ஓர் எண்ணும் (குறுக்குவரிசை) சேர்ந்த பெயர் உண்டு. இ2 கட்டத்துக் காயை இ4-க்கு நகர்த்த இ2இ4 என்று தட்டி என்டர் அடிக்க வேண்டும், அல்லது வெறும் இ4 என்றாலும் புரிந்துகொள்ளும். போன் ஆப்பில் குதிரையைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் எல்லாம் புள்ளி வைத்துக் காட்டிவிடுகிறது, நாமும் அதில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறோம். இங்கே காட்ட ஆளில்லை. எந்தக் கட்டம் என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தான் காய் நகரும், பெயர் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தை ஒரு தடவையாவது சரியாகப் பார்த்தாக வேண்டும். நான் ஆப்பை விட்டு இதில் ஆடுவது இதற்காகத்தான், பழைய காலத்து ஆசை ஒன்றும் இல்லை.

இன்னொரு வசதி, ஒவ்வொரு நகர்வுக்கும் புதுப் பலகை கீழே அச்சாகும், பழையது மேலே அப்படியே இருக்கும். எங்கே ஆட்டம் கையை விட்டுப் போனது என்று பார்க்க மேலே உருட்டினால் போதும். இது திரைக்குப் பதில் காகிதத்தில் அடித்த டெலிடைப் இயந்திரங்களின் காலத்து வழக்கம்தான். 1971-இல் வந்த, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே செஸ் இருக்கிறது. டெலிடைப் 33 மாதிரி இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும், இடைவெளியும் சேர்த்தால் இந்த அளவுப் பலகை ஒன்றுக்கு 13 நொடி பிடிக்கும். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனுக்கு செஸ் பைத்தியம் கொஞ்சநஞ்சம் இல்லை: அவரும் ஜோ காண்டனும் பெல் லேப்ஸில் கட்டிய பெல் என்ற செஸ் இயந்திரம் 1980-இல் லின்ஸ் நகரில் உலகக் கணினி செஸ் பட்டத்தையே வாங்கியது.

சரி, ஆட்டம் எப்படி? க்னூ செஸ்ஸின் இப்போதைய ஆறாம் பதிப்பு, ஃபாபியன் லெடூஸேயின் ஃப்ரூட் 2.1 என்ற செஸ் நிரல் மீது எழுப்பியது. 2005 உலகக் கணினி செஸ் போட்டியில் இரண்டாவதாக வந்த ஃப்ரூட்தான் அது, ஆகவே நம்மைப் போன்றவர்களை அது பொருட்டாகவே மதிக்காது. ‘டெப்த்’ என்று தட்டி ஒரு சின்ன எண் கொடுத்தால் அவ்வளவு நகர்வு ஆழம் மட்டும் முன்னால் யோசிக்கும். அப்போதும் சும்மா விட்ட காயை வெட்டாமல் விடாது, ஆனால் நீண்ட திட்டம் போட்டால் ஏமாறும். ‘ரிமூவ்’ என்றால் இரண்டு பக்கமும் ஒரு நகர்வு பின்னால் போகும். ‘கோ’ என்றால் நம் பக்கத்தை அது எடுத்துக்கொள்ளும், தோற்கிற நிலையை அதன் தலையில் கட்டிவிட்டு எப்படித் தப்பிக்கிறது என்று பார்க்கலாம். இதில் எனக்குக் கொஞ்சம் குரூரமான மகிழ்ச்சி உண்டு.

மனிதர்களோடு ஆட வேண்டுமென்றால் 1995 முதல் ஓடும் ஃப்ரீ இன்டர்நெட் செஸ் சர்வர் இருக்கிறது, டெர்மினலிலிருந்தே வேறொரு கணினியோடு இணைக்கும் டெல்நெட்டிலேயே நுழையலாம், ‘கெஸ்ட்’ என்று கொடுத்தால் கணக்கே வேண்டாம். கணக்குத் தொடங்கினால் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக வையுங்கள், டெல்நெட்டில் அது திறந்த எழுத்தாகவே போகும்.