எந்த அறையில் போடுவது? ஒரு கோல்டன் குளோப் நாட்குறிப்பு

9 டிசம்பர் 2024, திங்கள்

சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் ஹாலிவுட்டில் கொடுக்கும் கோல்டன் குளோப் பரிசுகளுக்கான பரிந்துரைப் பட்டியல் இன்று மாலை வந்துவிட்டது. வழக்கம்போல 'சிறந்த திரைப்படம் – டிராமா' என்ற பிரிவைத்தான் முதலில் தேடினேன். தி புரூட்டலிஸ்ட், எ கம்ப்ளீட் அன்னோன், கான்கிளேவ், டியூன் இரண்டாம் பாகம், நிக்கல் பாய்ஸ், செப்டம்பர் 5. ஆறு படங்கள்.

அப்புறம் இயக்குநர் பட்டியலில் பாயல் கபாடியாவின் பெயரைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருடைய 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படம் இங்கே ஓடியபோது தியேட்டரில் பதினொரு பேர்தான் இருந்தோம். மும்பையில் நர்ஸ் வேலை பார்க்கும் மலையாளப் பெண்களின் கதை. முடிந்து வெளியே வந்தும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்க மனசு வரவில்லை. மே மாதம் கான் விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய படம் அது. இங்கே 'ஆங்கிலம் அல்லாத மொழிப் படம்' என்ற பிரிவில் இருக்கிறது, டிராமாவில் இல்லை. அந்தக் கதை டிராமா இல்லையென்றால் வேறு எதுதான் டிராமா?

விழா அமெரிக்காவில் ஜனவரி 5 மாலை, நமக்கு 6ஆம் தேதி காலை. அதுவரை டிராமா பிரிவில் ஜெயித்த பழைய படங்களில் சிலதை அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று முடிவு.

11 டிசம்பர், புதன்

முதல் விழா 1944 ஜனவரியில் நடந்தது. ஹாலிவுட்டில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகை நிருபர்கள் சேர்ந்து தொடங்கியது. அன்றைக்குத் தங்க உருண்டை எல்லாம் கிடையாது, ஜெயித்தவர்களுக்குக் காகிதச் சுருள்தான். சிறந்த படமும் ஒன்றே ஒன்று, 'தி சாங் ஆஃப் பெர்னதெத்'. 1951ஆம் ஆண்டுப் படங்களில் இருந்துதான் டிராமா தனி, இசை அல்லது நகைச்சுவை தனி என்று இரண்டாகப் பிரித்தார்கள். டிராமாவில் முதலில் ஜெயித்தது 'எ பிளேஸ் இன் தி சன்'.

ஆஸ்கரில் இந்தப் பிரிவினை இல்லை. சிரிக்க வைக்கும் படமும் அழ வைக்கும் படமும் ஒரே வரிசையில் நிற்கும்போது அழ வைப்பதற்குத்தான் மரியாதை அதிகம் கிடைக்கும். அதனால் பிரித்தது நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் நிலையத்தில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அந்தந்த அறையில் போட்டவர். நான் இதைச் சொன்னதும், "பிரிக்கிறது சுலபம்மா. எந்த அறையில போடறதுங்கிறதுலதான் தகராறு வரும்" என்றார்.

15 டிசம்பர், ஞாயிறு

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. 1957. டேவிட் லீன் இயக்கம். டிராமா, இயக்குநர், நடிகர் என்று மூன்று குளோபும் வாங்கியது. சயாம்–பர்மா ரயில் பாதைக்காக ஜப்பானியர்களிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் பாலம் கட்டும் கதை. படமாக்கியது பெரும்பாலும் இலங்கையில், கிதுல்கலவில், களனி ஆற்றின் மேல். உண்மையான பாலத்தையே கட்டி, ரயிலோடு வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆலெக் கின்னஸ் நடிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து, தன் பாலத்தை அந்த மனுஷன் தடவிப் பார்க்கிற விதம் ஒன்று போதும்.

படம் முடிந்ததும் அப்பா விளக்கைப் போடவில்லை. அவருடைய பெரியப்பா ஒருவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். 1942க்குப் பிறகு கடிதம் இல்லை. சயாம் மரண ரயில் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது இந்தப் பாதைக்குத்தான். 415 கிலோமீட்டர். போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ லட்சத்துக்கும் மேல், அவர்களில் மலாயாத் தோட்டங்களில் இருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கைதிகளில் செத்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. கூலிகளில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

அவர்கள் இந்தக் கதையில் இல்லை. நல்ல படம், பரிசுக்குத் தகுதியான படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறந்த டிராமா என்று ஒன்றைச் சொல்லும்போது யாருடைய துயரம் கண்ணில் பட்டது, யாருடையது படவில்லை என்பதும் அதில் சேர்ந்தேதான் வருகிறது. பெரியப்பா அந்தப் பாதைக்குத்தான் போனாரா என்று அப்பாவுக்குத் தெரியாது. "கடைசிக் கடிதத்துல தபால் முத்திரை பினாங்குன்னு இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

ஒன்றும் பார்க்கவில்லை. மார்கழி பிறந்துவிட்டது.

21 டிசம்பர், சனி

இன்றைக்கு எனக்குக் கோபம்தான்.

1982 படங்களில் டிராமா குளோப் வாங்கியது ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வேற்றுக்கிரகத்துக் குட்டிக்காக அழாத குழந்தை உண்டா, கொடுக்கட்டும். அதே வருஷம் ரிச்சர்ட் ஆட்டன்பரோவின் 'காந்தி'யும் வந்தது. அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அயல்நாட்டுப் படம் என்ற பிரிவில்! பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் பிரிட்டிஷ் படமாம். அயல்நாட்டுப் படம், இயக்குநர், திரைக்கதை, நடிகர் பென் கிங்ஸ்லி, புதுமுகமும் பென் கிங்ஸ்லி என்று ஐந்து குளோப் கொடுத்தார்கள். டிராமாவில் மட்டும் போட்டியிடவே விடவில்லை. அதே படம் ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட எட்டு வாங்கியது.

அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். "தப்பான அறையில விழுந்த கடிதம் தொலைஞ்சு போகாதும்மா. ஊரெல்லாம் சுத்திட்டு வரும். ஆனா கல்யாணப் பத்திரிகையா இருந்தா, வந்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

24 டிசம்பர், செவ்வாய்

நேற்று இயக்குநர் ஷியாம் பெனகல் போய்விட்டார். 90 வயது. பட்டியலை ஒதுக்கிவிட்டு அவருடைய 'அங்குர்' பார்த்தோம். கடைசியில் அந்தச் சிறுவன் கல் எறியும்போது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

28 டிசம்பர், சனி

9ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்கு முன்னால் ரஹ்மான்.

2009 ஜனவரி 11. 'ஸ்லம்டாக் மில்லியனர்' டிராமா குளோப் வாங்கிய இரவு. இயக்குநர், திரைக்கதை, இசை என்று மொத்தம் நான்கு. ஏ.ஆர். ரஹ்மான் மேடை ஏறியதைத் தொலைக்காட்சிச் செய்தியில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஆஸ்கருக்கு ஆறு வாரம் முன்பே எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. இன்று மறுபடி பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தி. பாதிக்கு மேல் ஆங்கிலம் இருந்ததால் டிராமா பிரிவுக்குள் வர முடிந்தது.

2021இல் 'மினாரி'க்கு அது நடக்கவில்லை. அமெரிக்காவில் பிறந்த இயக்குநர், ஆர்கன்சாவில் விவசாயம் செய்யப் போகும் குடும்பத்தின் கதை, அமெரிக்கத் தயாரிப்பு. வீட்டுக்குள் கொரிய மொழி பேசுகிறார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டு மொழிப் படம் என்று ஒதுக்கி அந்தப் பரிசைக் கொடுத்தார்கள். டிராமா பரிசு 'நோமேட்லாண்ட்'டுக்குப் போனது. அம்மா பேசும் மொழியைப் பார்த்துப் பிள்ளையின் ஊரை முடிவு செய்வது போல இருந்தது எனக்கு.

இனி திருத்தம். அந்த விதியை 2021லேயே மாற்றிவிட்டார்கள். இப்போது எந்த மொழிப் படமும் டிராமாவில் போட்டியிடலாம். போன ஜனவரியில் 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்', 'தி சோன் ஆஃப் இன்டரெஸ்ட்' எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. ஆகவே பாயல் படத்தை இந்த முறை தடுத்தது சட்டம் இல்லை, போதுமான ஓட்டு வரவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. அது தெரிந்தும் என் வருத்தம் குறையவில்லை.

1 ஜனவரி 2025, புதன்

தோழி ஒருத்தி புத்தாண்டு வாழ்த்தோடு கேட்டாள்: ஊழல் பேர் எடுத்த பரிசைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன்?

அவள் கேட்டது சரியான கேள்வி. 2021இல் ஒரு பத்திரிகைப் புலனாய்வில், பரிசைக் கொடுத்த நிருபர் சங்கத்தின் உறுப்பினர் 87 பேரில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்று தெரியவந்தது. டாம் குரூஸ் தன்னுடைய மூன்று குளோபையும் திருப்பிக் கொடுத்தார். 2022 விழா பார்வையாளரும் ஒளிபரப்பும் இல்லாமல் முடிந்தது, 'தி பவர் ஆஃப் தி டாக்' ஜெயித்ததை இணையத்தில்தான் அறிவித்தார்கள். 2023இல் பழைய சங்கமே கலைந்து, பரிசு வேறு கைக்குப் போனது. இப்போது பல நாடுகளைச் சேர்ந்த 300க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

எனக்கு இந்தப் பட்டியல் வழியாகத்தான் பல படங்கள் கிடைத்தன. 'மூன்லைட்' எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வரவே இல்லை. டிராமா குளோப் வாங்கியது என்பதற்காகவே தேடிப் பிடித்துப் பார்த்தேன். வேறு எப்படி என் கைக்கு வந்திருக்கும்?

3 ஜனவரி, வெள்ளி

பாயல் படம் வீட்டிலேயே பார்க்கும்படி வந்துவிட்டது. அப்பா முழுதும் பார்த்தார். வெளிநாட்டில் இருக்கும் கணவன் அனுப்பியதாக நினைத்து, வீட்டுக்கு வந்த புது ரைஸ் குக்கரை அந்த நர்ஸ் இரவில் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சியில், "நிறுத்தும்மா, இன்னொரு தடவை போடு" என்றார்.

6 ஜனவரி, திங்கள்

காலை ஆறரைக்குத் தொடங்கியது. அப்பா எனக்கு முன்பே எழுந்து காபி போட்டுவிட்டார்.

ஆங்கிலம் அல்லாத படம்: 'எமிலியா பெரஸ்'. இயக்குநர்: பிரேடி கார்பெட். இரண்டிலும் பாயல் இல்லை. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். டிராமா: 'தி புரூட்டலிஸ்ட்'. ஏட்ரியன் பிரோடிக்கு நடிகர் பரிசு. இப்படி ஒரு படம் யாருக்கும் வேண்டாம் என்றே தனக்குச் சொன்னார்கள் என்று கார்பெட் மேடையில் சொன்னார். படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை இயக்குநர் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டபோது அவர் குரலில் கெஞ்சல் இல்லை. போரில் தப்பி அமெரிக்கா வந்த ஒரு கட்டிடக் கலைஞனின் கதை, ஒரு கோடி டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்தது.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார் அப்பா.

மூன்று மணி 35 நிமிஷம், நடுவில் 15 நிமிஷம் இடைவேளை என்றேன்.

"இங்கிலீஷ் படத்துல அவங்களே இடைவேளை விடறாங்களா?" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊருக்கு வந்தா சொல்லு. முதல் நாளே போயிடலாம்."