விளம்பரம் வேண்டாம் என்று சொல்வதற்கும் கட்டணம்

என்னிடம் முதன்முறையாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "பேஸ்புக்கில போட எவ்வளவு எடுப்பீங்க?" வெள்ளவத்தைப் புடவைக்கடைக்காரரும் அதைத்தான் கேட்பார், புறக்கோட்டை மொத்த வியாபாரியும் அதைத்தான் கேட்பார். நான் அதற்கு உடனே விலை சொல்வதில்லை. முதலில் உங்கள் கடைக்கு வந்து பார்க்கிறேன், அதற்கு ஒரு கட்டணம் உண்டு, பார்த்த பிறகு விளம்பரமே தேவையில்லை என்று சொன்னாலும் அந்தக் காசு திரும்பாது என்பேன். பலர் அதோடு எழும்பிப் போய்விடுவார்கள். போகாமல் இருந்தவர்களை வைத்துத்தான் என்னுடைய இந்தச் சின்ன ஆலோசனைத் தொழில் நடக்கிறது.

தனியாகத் தொடங்குவதற்கு முன் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். நல்ல மனிதர்கள், தொழில் கற்றுக்கொடுத்தவர்கள். ஆனால் விளம்பர நிறுவனங்களின் வருமானம் நெடுங்காலமாக வந்தது ஊடகக் கொமிஷனில்தான். தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் வாடிக்கையாளர் எவ்வளவு செலவழிக்கிறாரோ, அதில் 15 சதவீதம் என்பது உலகெங்கும் இருந்த பழைய கணக்கு. இப்போது மாதக் கட்டணம், வேலைக்கு இவ்வளவு என்றெல்லாம் மாறிவிட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. செலவு கூடினால் வருமானம் கூடும் என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு "இந்த மாதம் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்" என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். நான் தனியாக வந்ததற்குப் பெரிய காரணம் அதைச் சொல்ல முடிய வேண்டும் என்பதுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா கறித்தூள் செய்து விற்கிறார். யாழ்ப்பாண முறைத் தூள்: செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்து அரைத்தது. "தங்கச்சி, மாதம் முப்பதாயிரம் ஒதுக்கி வச்சிருக்கிறன். பேஸ்புக்கில நல்லா ஓடுற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ" என்றார். உங்கள் பைக்கற் விற்கிற கடைகளில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள், பிறகு கதைப்போம் என்றேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பலசரக்குக் கடை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் அங்கே உண்மையான கூட்டம். தூள் வைத்திருக்கிற தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். வருகிறவர்கள் அக்காவின் பைக்கற்றை எடுக்கிறார்கள், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகிறார்கள், முகம் மலர்கிறது. பிறகு பைக்கற்றை இரண்டு விரலால் அமத்திப் பார்க்கிறார்கள். அமத்திப் பார்த்தவர்களில் பலர் திரும்ப வைத்துவிட்டு வேறொரு தூளை எடுத்தார்கள். அந்தத் தூளின் பை தடிப்பு.

ஒரு அம்மாவிடம் கேட்டேன். "மகன் லண்டனில இருந்து வந்து நிக்கிறான் பிள்ளை. போகேக்க குடுத்து விட வேணும். இது நல்ல தூள்தான், ஆனா பெட்டிக்குள்ள உடுப்பெல்லாம் மணக்கும்" என்றார். போன முறை அக்காவின் தூளை வாங்கி, பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டு, செலோடேப்பால் வரிந்து கட்டியும் எண்ணெய் கசிந்ததாம். இந்த முறை அந்தச் சோலி வேண்டாம் என்று தடிப்பான பையைப் பார்த்து எடுத்தார். மணத்தைப் பார்த்து எடுத்தவர் மணத்துக்காகவே திரும்ப வைக்கிறார்.

அந்த முப்பதாயிரத்தை நாங்கள் பேஸ்புக்குக்குக் கொடுக்கவில்லை. தடித்த பையும், சூட்டில் ஒட்டுகிற ஒரு சின்ன மெஷினும் வாங்கினோம். ஒரு கிலோத் தூள், பைக்குள் பை, இரண்டு இடத்தில் ஒட்டு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "பயணப் பொதி". காலாவதித் திகதியைப் பின்பக்க மூலையிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தோம், வெளிநாடு கொண்டுபோகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். பின்பக்கத்தில் வட்ஸ்அப் இலக்கம், ஏனென்றால் எந்தத் தூள் வேண்டும் என்று தீர்மானிப்பவர் லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கிறார், காசு கொடுப்பவர்தான் வெள்ளவத்தையில் இருக்கிறார். அடுத்த ஓகஸ்டில் அக்காவுக்கு ஓடர் சமாளிக்க முடியாமல் மருமகளையும் கூட இருத்த வேண்டி வந்தது. பேஸ்புக் விளம்பரமும் பிறகு செய்தோம்தான். ஆனால் அதைக் கொழும்பில் காட்டவில்லை. ஜூன் மாதத்தில், பயணத்துக்கு டிக்கெற் போட்டு வைத்திருக்கிற எங்கள் சனம் வாழும் நகரங்களில் மட்டும் காட்டினோம்.

இந்தக் கடை நாட்காட்டி விஷயத்தை யாரும் எழுதி வைத்துப் படிப்பிப்பதில்லை, நின்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் வருவது ஜூலை, ஓகஸ்ட், பிறகு டிசம்பர். ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் புடவைக்கடைக்காரர்கள் அந்த மாதத்தைச் சோர்வான மாதம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற குடும்பம் ஆடியிலேயே வந்து இறங்கிவிடும், ஆடிவேல் பார்க்கப் பம்பலப்பிட்டிக்குப் போகும், போகிற வழியில் கடைகளிலும் ஏறி இறங்கும். கூறைப்புடவை எடுக்க நல்ல நாள் பார்ப்பார்கள், அதனால் ஆடியில் வாங்க மாட்டார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள். நான் வேலை செய்கிற ஒரு கடையில் ஆடி மாதம் முழுக்க விளம்பரச் செலவு பூச்சியம். அதற்குப் பதிலாக, பார்த்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும் இலக்கத்தை வாங்கி, எந்த நிறத்தில், எந்தக் கரையில் கண் நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆவணி பிறந்ததும் கடையில் வேலை செய்கிற பெட்டைகள் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கோல் பண்ணுவார்கள். "அக்கா, நீங்கள் பார்த்த அந்த அரக்கு இன்னும் இருக்கு." அவ்வளவுதான். எந்த விளம்பரத்தாலும் இவ்வளவு நெருக்கமாகக் கதைக்க முடியாது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் தொழில் செய்கிற யாரும் தன் கதையைச் சொல்ல முடியாது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது, மே மாதம் 360ஐ எட்டியது. பேஸ்புக் விளம்பரத்துக்கு வங்கிக் கார்டிலிருந்து டொலரில்தான் வெட்டும். அதாவது முன்பு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு 250 டொலர் விளம்பரம் போன இடத்தில் 140 டொலர்கூடப் போகவில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கடைக்காரருக்கு வெளிச்சமில்லை, வாடிக்கையாளருக்குப் போனில் சார்ஜ் இல்லை, யாருக்காக விளம்பரம்? கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம் அது, நோட்டீஸ் அடிக்கவும் வழியில்லை. நான் எல்லோருக்கும் ஒன்றைத்தான் சொன்னேன்: செலவை நிறுத்துங்கள், உங்களிடம் ஏற்கெனவே வாங்குகிறவர்களின் இலக்கங்களை எடுங்கள், இன்று கடை எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன சாமான் இருக்கிறது, என்ன விலை என்று தினமும் காலையில் உண்மையை அனுப்புங்கள். விலை கூடினால் கூடிவிட்டது என்றே எழுதச் சொன்னேன். அப்படிச் செய்த கடைகள் சனத்தின் நம்பிக்கையைச் சேர்த்துக்கொண்டன. இன்றைக்கும் அந்த வட்ஸ்அப் பட்டியல்தான் அவர்களுடைய பெரிய சொத்து.

அதே வருடத்தில் பணம் கொட்டிய விளம்பரம் ஒன்று இருந்தது, வெளிநாட்டு வேலை. பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காகச் சனம் விடிய விடிய வரிசையில் நின்ற காலம். ஒருவர் வந்தார். ஐரோப்பாவில் வேலை, விசா நிச்சயம் என்று தமிழில் விளம்பரம் வேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டேன். "அது பிறகு எடுக்கலாம், முதல்ல ஆக்களைச் சேர்ப்பம் மிஸ்" என்றார். நான் செய்ய மாட்டேன் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். என் கையில் வேறு வேலை அவ்வளவாக இல்லாத மாதம் அது, அந்தக் காசு வீட்டு வாடகைக்கு உதவியிருக்கும். ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்துத் தாலிக்கொடியை அடகு வைக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும், என் தொடர்மாடியிலேயே அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. நாங்கள் எழுதுகிற ஒரு வரியை நம்பி ஒரு வீட்டில் முடிவு எடுக்கிறார்கள். இதைவிட முக்கியமான விஷயம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை.

சரி, காசு விஷயம். தனியாகத் தொடங்க நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பாதியை முன்பணமாக வாங்குங்கள். புறக்கோட்டையில் திகதி போட்ட செக்தான் வழக்கம், இரண்டு மாதம் தள்ளித் திகதி இருக்கும், அதைக் குறை நினைக்க வேண்டாம், அங்கே எல்லாச் சாமானும் அப்படித்தான் கைமாறுகிறது. ஆனால் அந்த இரண்டு மாதத்தையும் உங்கள் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கொம்பனிகள் செக்கைத் தராமல் இழுப்பதோடு ஒப்பிட்டால், திகதி போட்டாலும் கையில் தந்துவிடுகிற முதலாளிமார் எவ்வளவோ மேல். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கினால் 5 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்ததற்கான சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள். வருட முடிவில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டும்போது அதுதான் உங்களுக்குத் துணை.

ஆள் எடுத்துப் பெரிதாக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். படம் எடுக்க ஒரு தம்பி, டிசைன் செய்ய கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை, சிங்களத்தில் எழுத மஹரகமவில் ஒரு நண்பர். வேலைக்கு வேலை கணக்கு முடிப்போம். மாதச் சம்பளக்காரர் ஐந்து பேர் இருந்தால், மாதக் கடைசியில் அந்தச் சம்பளத்தைப் பார்த்துத்தான் நான் ஆலோசனை சொல்லத் தொடங்குவேன். தேவையில்லாத விளம்பரமும் தேவை போலத் தோன்றும். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

முதல் நாள் கடைக்கு வந்து பார்க்கிற கட்டணத்தை இந்த வருடமும் ஏற்றவில்லை. சின்னக் கடை என்றால் அதை இரண்டு தவணையாகவும் தரலாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள், அன்றைக்குக் கூட்டம் வேறு மாதிரி. கிழமை நாளில், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என்றால் வருகிறேன்.